வியாழக்கிழமைக் கையெழுத்துகள்

ஜூலை 3, 2025. வியாழன்

கோலா தெர்லா வளைவில் தக்காளி லாரி ஒன்று குப்புறப் படுத்துவிட்டது. முக்கால் மணி நேரம் காடிக்குள்ளேயே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தேயிலைத் தோட்டத்து கிளினிக்கில் போய் இறங்கியபோது வாசலில் முப்பது பேர். பாதிக்கு மேல் வங்காளதேசத்துக்காரர்கள், நேப்பாளிகள். தமிழ் முகம் என்று எண்ணினால் ஏழெட்டு.

சிவசாமி எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்து, பிரஷர் எடுத்து, வரிசையாக உட்காரவைத்திருந்தார். இருபத்தாறு வருஷமாக இந்தத் தோட்டத்து டிரசர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, ரத்தம் எடுப்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்குவது எல்லாம் அவர்தான். வாரத்தில் ஆறு நாள் அவர், ஒரு நாள் நான். அந்த ஒரு நாள்காரிக்குத்தான் டாக்டரம்மா என்று பேர்.

குமுதா வந்தாள். பூச்சிமருந்து அடிக்கும் ஆறு பேரில் ஒருத்தி. "பம்ப முதுகுல மாட்டுனாலே எச்சியா ஊறுது டாக்டரம்மா. கண்ணும் மங்கலா தெரியுது" என்றாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. ரத்தம் எடுத்து ஈப்போ லேப்புக்கு அனுப்பச் சொன்னேன். அந்த மருந்து உடம்பில் ஏறினால் ரத்தத்தில் ஒரு சத்து இறங்கிவிடும். இறங்கியவர் பம்பைத் தொடக்கூடாது. ரிசல்ட்டைப் பார்த்து 'வேலைக்குத் தகுதி' என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தொடலாம். சட்டம் அது. அதுவரைக்கும் கொழுந்து பறிக்கப் போ என்று அனுப்பினேன்.

அடுத்த வாரம் கோலாலம்பூரில் பயிற்சி. வியாழக்கிழமை வரமுடியாது. அதனால் சிவசாமி இரண்டு வாரத்துக்கும் சேர்த்தே நீட்டினார். நோய் விடுப்புக்கான எம்.சி. தாள் இருபது, தகுதித் தாள் ஆறு. எல்லாம் வெற்றுத் தாள். டீ ஆறுவதற்குள் போட்டு முடித்தேன்.

வெற்றுத் தாளில் போடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரோஜா என்று ஒரு கொழுந்துக்காரி, கொதிக்கிற காய்ச்சலோடு பஸ் மாறி தானா ராத்தா டவுனுக்கு வந்து என் கிளினிக் படியில் சுருண்டு விழுந்தாள். எதற்கு? ஒரு எம்.சி.க்கு. டாக்டர் கையெழுத்து இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. டிரசர் எழுதினால் செல்லாது. அந்த வாரம் நானேதான் சொன்னேன்: "பத்து தாள்ல போட்டு வச்சுட்டுப் போறேன் அண்ணே. நீங்க ஆளப் பாத்து எழுதிக்குங்க." நல்ல காரியம் என்றுதான் செய்தேன். தகுதித் தாளும் அந்தக் கட்டோடு எப்போது சேர்ந்துகொண்டது? ஞாபகமில்லை.

நாற்பத்து நான்கு வயது. டாக்டராகிப் பதினெட்டு வருஷம். கூடப் படித்தவர்கள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்கிறார்கள். நான் சளிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் எழுதிக் கொடுக்கிறேன். இருந்தாலும் வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது எனக்கு என்னைப் பிடித்திருக்கிறது. மற்ற நாட்களில் அப்படிச் சொல்லமுடியாது.

ஜூலை 8, செவ்வாய். கோலாலம்பூர்

மருத்துவ நெறிகள் பற்றி நாள் முழுக்க உரை. பேசியவர் நல்ல மனிதர், குரல்தான் தாலாட்டு. மேசைக்கடியில் ஃபோனை நோண்டி நேரத்தை ஓட்டினேன். மத்தியானம் பிரியாணி. எங்கள் அத்தா கடைப் பிரியாணியின் கால் தூசிக்கு ஆகாது.

ஜூலை 14, திங்கள்

குமுதா மருந்தடிக்கும்போது சரிவிலேயே விழுந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஓடினேன். கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாயெல்லாம் நுரை, தொடைச் சதை தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அந்த வார்டு டாக்டர்கள் ஊசிமேல் ஊசி போட்டு மூச்சைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அவள் மகள் தனுஜா பள்ளிச் சீருடையோடு கூட ஏறிக்கொண்டாள்.

நான் கோபத்தில் கத்தினேன். "இவள மருந்தடிக்கப் போகாதேன்னு சொல்லியிருந்தேன்! யாரு அனுப்புனது?"

வார்டில் இருந்த இளம் டாக்டர் ஒருவர், தோட்டத்து வேன்காரர் கொண்டுவந்து கொடுத்த ஃபைலைத் திறந்து ஒரு தாளை என்னிடம் நீட்டினார். "மேடம், இது உங்க கையெழுத்துதானே?"

குமுதா. வேலைக்குத் தகுதி. ஜூலை 9. எழுத்து சிவசாமியுடைய உருண்டை எழுத்து. கீழே என் கையெழுத்து, என் பதிவு எண். ஒன்பதாம் தேதி நான் கோலாலம்பூரில் இருந்தேன்.

ஆமாம் என்றேன். அவர் "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபைலை மூடினார்.

ஜூலை 15, செவ்வாய்

காலையிலேயே தோட்டத்துக்குப் போனேன். சிவசாமி தனியாக இருந்தார். கண் சிவந்திருந்தது, தூங்கவில்லை போல.

"குமுதா ரிசல்ட் என்ன வந்துச்சு அண்ணே?"

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

"இதப் பாத்துட்டா தகுதின்னு எழுதுனீங்க?"

"தோட்டத்து துரையே வந்து தலைமாட்டுல நின்னுட்டாரு டாக்டர். செடியில பூச்சி எறங்கிருச்சு, ரெண்டு பேரு லீவு, பம்பு தூக்க ஆள் இல்ல. நான் என்ன செய்ய சொல்லுங்க?"

"எனக்குச் சொல்ல வேண்டியதுதானே? ஒரு வார்த்தை!"

"அனுப்புனேனே. எட்டாந்தேதி. ஒங்க ஃபோன பாருங்க."

பார்த்தேன். ஒன்பது படங்கள் அடுத்தடுத்து. மருந்துப் பட்டியல், யாரோ ஒருவர் கால் புண், மருந்து பில், நடுவில் சாம்பல் நிறமாக லேப் தாள். அதற்குக் கீழே, 'குமுதா போலாமா டாக்டர்?' அதற்கும் கீழே நான் போட்ட கட்டைவிரல். பத்து நாற்பத்திரண்டுக்கு. படத்தைத் திறக்கவே இல்லை. என்ன கேட்கிறார் என்றுகூடப் படிக்கவில்லை.

அப்போதுதான் அவர் சொன்னார். கத்தாமல், கணக்கு சொல்வதுபோல: "நீங்க தொறந்து பாக்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் டாக்டர். என்னைக்குப் பாத்திருக்கீங்க? அதான் அனுப்புனேன்."

அதான் அனுப்பினாராம்! பாவி மனுஷா! பத்து வருஷம் அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டேனே. உங்க சம்சாரம் கர்ப்பப்பை கட்டியோட கிடந்தப்ப ஈப்போவுக்கும் இங்கயும் அலைஞ்சது யாரு? உங்க பொண்ணு நர்சிங் சேர கடிதம் எழுதிக் குடுத்தது யாரு? என் சோம்பேறித்தனத்தை இத்தனை வருஷமும் பக்கத்துல நின்னு அளந்து வச்சிருந்தீங்களா?

சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜூலை 16, புதன்

அன்றைக்குப் பத்து நாற்பத்திரண்டுக்கு, கோலாலம்பூரில், அந்த மனிதர் மேடையில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஜும்மா முடிந்து அத்தா கடைக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தாஜுதீன் மகள் என்றால் இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. ரொட்டிக்கல் முன்னால் நின்று நின்று என்னை டாக்டருக்குப் படிக்கவைத்த மனிதர். அவர் கொதிப்பார் என்று நினைத்தேன்.

கல்லாவிலிருந்து தலை நிமிராமல் கேட்டார். பிறகு, "நீ போட்டது கையெழுத்து. எழுதுனது அவன். வாய வச்சுக்கிட்டு சும்மா இரு ஹஃபீசா" என்றார்.

"அந்தப் பொம்பளைக்கு யாரு அத்தா பதில் சொல்றது?"

"ஏன், உலகத்துல நீ ஒருத்திதான் டாக்டரா? தோட்டத்து ஆபீஸ் மீட்டிங்குக்கெல்லாம் நம்ம கடைச் சாப்பாடுதான் போவுது. யோசிச்சுப் பேசு."

தே தாரேக் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இவரா? இவருமா?

ஜூலை 22, செவ்வாய்

மேனேஜர் ஹரிதாஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். தொழிலாளர் லைனில் எல்லோருக்கும் அவர் துரை. எனக்கு மட்டும் கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போடுவார். அவ்வளவு மரியாதை.

"டாக்டர், குமுதா ஞாயித்துக்கெழமையில கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போறா. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அங்கதான் மருந்து பட்டிருக்கணும். இங்க கையுறை, மாஸ்க் எல்லாம் குடுக்குறோம்." ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. என் பெயரில் ஒரு கடிதம். பாதிப்பு தோட்டத்துக்கு வெளியே ஏற்பட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்றும், தகுதித் தாளை நான் உரிய முறையில் பரிசீலித்தே கொடுத்தேன் என்றும். "சிம்பிள் லா டாக்டர். நீங்களும் தப்பிச்சீங்க, சிவசாமியும் தப்பிச்சாரு."

"குமுதா?"

"அவள நாங்க பாத்துக்குறோம்." பிறகு, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "நம்ம கம்பெனி அஞ்சு தோட்டத்துக்கும் உங்க காண்ட்ராக்ட் ஆகஸ்ட்ல முடியுதில்ல?" என்றார்.

அந்தத் தாளைக் கிழித்து அவர் மேசையில் போட்டிருக்கவேண்டும். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 24, வியாழன்

தோட்டத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். எனக்கு யார் எம்.சி. எழுதுவது?

ஜூலை 27, ஞாயிறு

குமுதாவை ஈப்போவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். லைனுக்குப் போய்ப் பார்த்தேன். நாலாவது வீடு. புருஷன் இறந்து ஆறு வருஷம், அவளும் தனுஜாவும்தான். கட்டிலில் சாய்ந்திருந்தாள். கால் பாதத்தில் ஊசியால் குத்தினேன். தெரியவில்லை என்றாள். இந்த மருந்து அப்படித்தான், ஆள் பிழைத்த பிறகு வந்து நரம்பைத் தின்னும். திரும்ப வரலாம், வராமலும் போகலாம்.

"ஞாயித்துக்கெழமையில காய்கறித் தோட்டத்துல மருந்தடிக்கிறியா குமுதா?"

"ஐயோ, இல்ல லா. முட்டைக்கோசு பெட்டியில அடுக்கப் போவேன். மருந்த அங்க தொட்டதே கெடையாது."

பிறகு அவளே சொன்னாள். "அன்னைக்கு நான் மாட்டேன்னுதான் சொன்னேன் டாக்டரம்மா. டாக்டரம்மா போகக்கூடாதுன்னாங்க, நான் போமாட்டேன்னு துரைகிட்டயே சொன்னேன். டிரசர் தாள எடுத்துக் காட்டுனாரு. இந்தா, ஒங்க டாக்டரம்மாவே போலாம்னு கையெழுத்து போட்டுட்டாங்கன்னு. நீங்களே போட்டுட்டீங்களே, அப்ப சரியாப் போச்சுன்னுதான் பம்ப தூக்குனேன்."

அல்லாவே.

ஒளிக்காமல் சொன்னேன். வெற்றுத் தாள், ஃபோனில் வந்த படம், கட்டைவிரல், எல்லாம். குமுதா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். டீ கொண்டுவந்த தனுஜாதான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப நீங்க பாக்காமயே போட்டீங்களா?"

"ஆமாம்மா."

அந்தப் பிள்ளை டீயை என் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது.

வேலையில் நேர்ந்த பாதிப்பு என்று பெர்கேசோ தொழிலாளர் காப்புறுதிக்கு எழுதித் தருகிறேன், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் என்று குமுதாவிடம் வாக்குக் கொடுத்தேன். அவளுக்கு இனிமேல் பம்பு தூக்கமுடியாது. கொழுந்து பறிக்கச் சரிவில் நிற்கவும் முடியாது. மாதாமாதம் அந்த உதவி வந்தால்தான் அடுப்பு எரியும். நான் எழுதும் தாள் ஒன்றுதான் அவளுக்கு அந்த உதவியை வாங்கித் தரும்.

ஜூலை 31, வியாழன்

வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். நாலு மணி நேரம். முதல் தடவை எழுதியதில் மூன்று பக்கம் சிவசாமியைப் பற்றி, இரண்டு பக்கம் மேனேஜரைப் பற்றி, என்னைப் பற்றி ஒன்றரை வரி. படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

'பத்து ஆண்டுகளாக வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டு வந்தேன்.' இந்த ஒரு வரியை எழுதியபிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பழக்கமான வக்கீல் ஒருவர் ஃபோனில், "இதை நீங்களாகவே குடுத்தா லைசென்சுக்கே ஆபத்து, தெரியுமில்ல?" என்றார். தெரியும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாயங்காலம் குமுதா கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா, நேத்து ஆபீசுல கூப்புட்டாங்க. காய்கறித் தோட்டத்துல பட்டதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன் குமுதா? அது பொய்யில்ல?"

"பொய்தான். ஃபேக்டரியில உக்காந்து தேயிலை பொறுக்குற வேலை போட்டுத் தராங்க. தனுஜா பரீட்சை முடியிற வரைக்கும் மட்டுமில்ல, எப்பவும் வீட்ட காலி பண்ண வேணாம்னாங்க. தாள்ல எழுதி வாங்கிட்டேன். படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

"நான் ஒனக்காக என் வேலையையே விடத் துணிஞ்சு எழுதி வச்சிருக்கேன். இப்ப வந்து இப்படிச் சொல்றியே!"

மறுமுனையில் அவள் தனுஜாவை உள்ளே போகச் சொன்னாள். பிறகு, "ஒங்க கையெழுத்த நம்பி ஒரு தடவ பம்ப தூக்குனேன். இப்ப ஒங்க பேச்ச நம்பி வீட்ட விடச் சொல்றீங்களா டாக்டரம்மா?" என்றாள். வைத்துவிட்டாள்.

நன்றி கெட்ட ஜனங்க! எவளும் எவனும் என் பக்கம் இல்ல. சிவசாமி கழுத்த அறுத்தாரு, பெத்த அத்தா வாய மூடுன்னாரு, யாருக்காக இத்தனையும் செய்யறேனோ அவளே கையெழுத்து போட்டுக் குடுத்துட்டா. போதும்டா சாமி. ஹரிதாஸ் தாள் இன்னும் கைப்பையில்தான் இருக்கு. போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா தூங்கலாம்.

எழுதி முடித்து அரை மணி நேரம் ஆயிற்று. குமுதா எனக்கு என்ன துரோகம் செய்தாள்? அவள் போட்ட கையெழுத்தால் யாரும் சரிவில் விழப்போவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அன்று போட்டுக் கொடுத்த தகுதித் தாள் ஆறு. குமுதாவுடையது போக மீதி ஐந்து. அந்த ஐந்து பேர் ரத்தத்தையும் நான் பார்க்கவில்லை. காலையில் இது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. குமுதாவுக்காக இல்லை என்றால் போகட்டும், இது அந்த ஐந்து பேருக்கு.

வாக்குமூலத்தைத் தொழில் பாதுகாப்பு இலாகாவுக்கு ஒன்று, மருத்துவ மன்றத்துக்கு ஒன்று என்று அனுப்பிவிட்டேன். ஹரிதாஸ் தாளை அதற்குப் பிறகுதான் கிழித்தேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை, அனுப்பியானபிறகு கிழிப்பது சுலபம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஐந்து தோட்டத்துக் காண்ட்ராக்ட்டும் போயிற்று. நாலு வரிக் கடிதம், கீழே ஹரிதாஸ். என் சேவைக்கு நன்றியாம்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் சிவசாமி என் கட்டைவிரலைக் காட்டினாராம். 'டாக்டர் ஓகே சொன்னாங்க, நான் எழுதுனேன்.' பொய் சொன்னார் என்றாவது திட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இலாகாக்காரர்கள் மருந்தடிக்கிற எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இன்னும் இரண்டு பேருக்கு இறங்கியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மருந்தடிப்பு நிறுத்தம். அதற்கென்று கொடுக்கிற அலவன்ஸும் நின்றுவிட்டது. கம்போங் ராஜா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பெண் ஒருத்தி, நாலு வருஷமாக நான் பிரஷர் பார்த்தவள், "எல்லாம் இந்தம்மா பண்ண வேலை" என்று என் காதில் விழும்படி சொல்லிவிட்டு நகர்ந்தாள். கீரைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன்.

மருத்துவ மன்ற விசாரணை ஜனவரியில். அத்தா அதைப் பற்றிக் கேட்பதில்லை. தினமும் மத்தியானம் சாப்பாடு மட்டும் கட்டி அனுப்புகிறார்.

அக்டோபர் 9, வியாழன்

வியாழக்கிழமை என்றால் இப்போது தானா ராத்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து பதினோரு பேர். நாலு சுற்றுலாக்காரர்கள், மலைப்பாதையில் வாந்தி எடுத்தவர்கள்.

கடைசியாக ஒரு மனிதர். ஐம்பது வயது இருக்கும், மோட்டார் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் போகிறவரை காத்திருந்தார். பெயர் குகனேஸ்வரன். அதே தோட்டம். மருந்தடிக்கிறவர். போன வாரம் மறுபடி ஆரம்பித்துவிட்டார்களாம். ரத்தம் பார்க்கணும், சொந்தச் செலவுதான் என்றார்.

"தோட்டத்துக்குத்தான் புது டாக்டர் வர்றாரே. அங்க பாத்துக்கக் கூடாதா?"

"வர்றாரு. வெறும் தாள்ல போட்டுக் குடுத்துட்டுப் போறாரு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குமுதாதான் அனுப்புச்சு. தானா ராத்தாவுக்குப் போ, அந்தம்மா இப்பல்லாம் பாத்துட்டுத்தான் எழுதுறாங்கன்னுச்சு."

"கால் எப்படி இருக்காம் அவளுக்கு?"

"கம்பு வச்சு நடக்குது."

"வேற ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒன்னும் சொல்லல டாக்டரம்மா."

சட்டைக் கையை மடிக்கச் சொன்னேன். நரம்பு லேசில் பிடிபடவில்லை, இரண்டாவது குத்தில் கிடைத்தது. ரிசல்ட் திங்கட்கிழமை வரும், அதுவரை பம்பைத் தொடவேண்டாம் என்றேன்.

"எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.